வந்ததும் வரவழைத்ததும்

நோயின் வகையைச் சொல்லும் வகைகாட்டி இயந்திரம் வன்னியராஜின் ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றி முடிவு செய்துவிட்டது. இது வெளியே தெரிய நான்கு வருடமானது. அதற்குள் அவருடைய இடது கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது.

அவர் சாத்தூரில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் பிழிந்து, வெந்ததும் கருப்பட்டிப் பாகில் முக்கி எடுக்கிற மிட்டாய். ஆள் கனத்த உடம்பு. சட்டையின் கடைசிப் பித்தானை அவர் போட்டு யாரும் பார்த்ததில்லை. நாற்பதை நெருங்குகிற வயதில் ஓயாத தாகமும் சோர்வுமாக இருக்கவே, சட்டப்படி விருதுநகரில் இருந்த வகை நிர்ணய மையத்துக்குப் போனார்.

நோய்ப் பொறுப்புச் சட்டம் வந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. தெருவில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்த காலம் அது. அரசாங்கத்திடம் இருந்த உயர்ந்த சிகிச்சை எல்லோருக்கும் போதவில்லை. யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் சொன்னது. தன் தவறு எதுவும் இல்லாமல் நோயாளி ஆனவருக்கு முதலில். தின்றும் உட்கார்ந்தும் நோயைத் தேடிக்கொண்டவருக்குப் பிறகு. கேட்பதற்கு நியாயமாகவே இருந்ததால் யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. உடம்பு தன் இன்சுலின் செல்களைத் தானே அழித்துவிட்டால் அது முதல் வகை. செல்கள் இருந்தும் உடம்பு இன்சுலினுக்கு மசியாவிட்டால் இரண்டாம் வகை. அரசாணையில் இருந்த பெயர்கள் இவை. ஜனங்கள் முதலாவதை ‘வந்தது’ என்றும், இரண்டாவதை ‘வரவழைச்சது’ என்றும் சொன்னார்கள். பெண் பார்க்கப் போகிற வீடுகளில்கூட, மாப்பிள்ளைக்கு வந்ததா வரவழைச்சதா என்று விசாரித்தார்கள்.

மையத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். காபி ஆறுவதற்குள் திரையில் பதில் வந்தது. இரண்டாம் வகை. மிட்டாய்க்காரனுக்கு வேறு என்ன வரும் என்று வன்னியராஜே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். வகை நிர்ணயம் ஆயுளுக்கு ஒரு முறைதான். கையில் ஒரு பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அதில் பச்சை எரியும். இல்லாவிட்டால் சிவப்பு.

அதற்கு முந்தைய வருடம்தான் அவருடைய தம்பி கனகவேலுக்கும் இதே மையத்தில் வகை பார்த்திருந்தார்கள். அண்ணனைவிடப் பல வருடம் இளையவன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவனை வளர்த்துப் படிக்க வைத்தது வன்னியராஜ்தான். கல்லூரியில் ஓட்டப் பந்தய வீரன்; காற்றடித்தால் சாய்ந்துவிடுவான் போன்ற உடம்பு. இருபது வயதில் அவன் மெலிந்துகொண்டே போனபோது வகைகாட்டி தயக்கமில்லாமல் முதல் வகை என்றது. சட்டம் அவனுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தது. ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் செல்களை ஒரு சிறிய பையில் வைத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்தார்கள். முதல் வகைக்காரருக்கான ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் வேலையும் கிடைத்தது. அந்நியச் செல்களை உடம்பு தாக்காமல் இருக்கத் தினமும் ஒரு மருந்து சாப்பிட வேண்டும். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கிற மருந்து. அதனால் கனகவேல் கூட்டத்துக்குள் போவதில்லை, முகமூடி இல்லாமல் வெளியே வருவதில்லை. கைகளில் மருக்கள் முளைத்திருந்தன. ஒரு மழைக்காலத்தில் நுரையீரலில் கிருமி தொற்றி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எல்லோரும் அவனைப் பார்த்து, ஒரு பாவமும் அறியாத பிள்ளை என்று பரிதாபப்பட்டார்கள்.

வன்னியராஜைப் பார்த்து யாரும் பரிதாபப்படவில்லை. அவருக்குக் கொடுத்தது மாத்திரையும் நடைமுகாமும். தினமும் விடிந்ததும் மைதானத்தில் வட்டமடித்து நடக்க வேண்டும். அவர் நடந்தார். சோற்றைக் குறைத்தார். தான் செய்த மிட்டாயைத் தானே ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டு, கடைப் பையனிடம் கொடுத்து இனிப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். உடம்பு இளைத்தது. பட்டை மட்டும் சிவப்பிலேயே நின்றது.

முகாம் அலுவலர் பரஞ்சோதி கெட்ட மனிதர் அல்ல. முதலில் நயமாகச் சொல்லிப் பார்த்தார். மாத்திரையும் போட்டு, நடக்கவும் நடந்து, வாயையும் கட்டினால் இந்தப் பட்டை பச்சையாகாமல் இருக்க வழியே இல்லை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பச்சையாகாவிட்டால் ஆள் மறைத்துத் தின்கிறார் என்று அர்த்தம். அதற்குத் துறையில் ‘ஏய்ப்பு’ என்று பெயர். ஏய்ப்புப் பதிவு சேரச் சேரத் தண்டனை கூடும். வன்னியராஜ் தன் பிள்ளைமேல் சத்தியம் செய்தார். பரஞ்சோதி தலையைக் குனிந்துகொண்டு, எல்லோரும் அப்படித்தான் அண்ணாச்சி சத்தியம் செய்கிறார்கள் என்றார்.

வன்னியராஜின் மனைவி ராஜகனியும் அவரை நம்பவில்லை. அவள் சண்டை போடுகிறவள் இல்லை. கடையிலிருந்து வருகிற கணவரின் சட்டையை வாங்கி மடிக்கிற சாக்கில் மோந்து பார்ப்பாள். அவர் உறங்கும்போது விரல்களைப் பார்ப்பாள். பாகுக் கடையில் நிற்கிறவர் சட்டையில் பாகு வாசனை அடிக்காமல் எப்படி இருக்கும்? அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் பட்டை சிவப்பாக இருந்தது. மனிதர் பொய் சொல்லலாம், பட்டை எதற்குப் பொய் சொல்லப் போகிறது?

மூன்றாம் வருடக் கடைசியில் கடைக்குச் சீல் வைத்தார்கள். அவர் இனிமேல் பாகு காய்ச்சக் கூடாது என்று உத்தரவு. கொஞ்ச நாளில் இடது கண்ணில் புகை படர்ந்த மாதிரி தெரிந்தது. கண்ணுக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிவதாகச் சொன்னார்கள். அதை நிறுத்த ஒளிச் சிகிச்சை உண்டு. ஏய்ப்புப் பதிவு உள்ளவர்களுக்கு அது வரிசையின் கடைசியில்தான் கிடைக்கும். மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்று கேட்கத்தான் வன்னியராஜும் ராஜகனியும் மறுபடி விருதுநகருக்குப் போனார்கள்.

மையத்தில் அப்போது புதிதாக வந்திருந்த டாக்டர் ஹில்டா பர்னாந்து தூத்துக்குடிக்காரர். இயந்திரம் சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போடுவதுதான் அவருடைய வேலை. வன்னியராஜ் தான் எதையும் தின்னவில்லை என்று மெதுவாக, பழகிப்போன குரலில் சொன்னார். அவர் முடிப்பதற்குள் ராஜகனி குறுக்கிட்டாள்.

“டாக்டரம்மா, இவுக எங்கிட்டயே உண்மையச் சொல்றதில்ல. இது இன்னிக்கு நேத்துப் பழக்கம் இல்ல. கல்யாணம் ஆகி வந்த புதுசுலயே பாத்ரூம்ல எறும்பு மொய்க்கும். அப்பவே ஒளிச்சுத் தின்னுருக்காக.”

ஹில்டா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். கல்யாணத்தின்போது இவருக்குச் சர்க்கரை இருந்ததா என்று கேட்டார். இல்லை. கல்யாணத்துக்குச் சற்று முன்பு வன்னியராஜ் வெளிநாட்டு வேலைக்கு முயன்று, அதற்காக ரத்தம் சோதித்திருந்தார். எல்லாம் சரியாக இருந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. அப்படியானால் எறும்பு எப்போதும் உண்டா? உண்டு என்றாள் ராஜகனி. ஏதோ குற்றத்தை நிரூபித்துவிட்ட மாதிரிதான் சொன்னாள்.

“கண்மாய் நிறைஞ்சாத்தானே மறுகால் பாயும்?” என்றார் ஹில்டா. “ரத்தத்துல சர்க்கரை ரொம்பக் கூடினாத்தான் சிறுநீர்ல வழியும். உங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் சரியா இருந்த காலத்துலயே வழிஞ்சிருக்கு. தண்ணி கூடிப் போனதால இல்ல. இவர் உடம்புல கரையே கொஞ்சம் தாழ்வு.”

பிறகு அவர் வன்னியராஜின் பழைய பதிவைத் திரையில் திறந்து நெடுநேரம் பார்த்தார். அவர்களிடம் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. கடைசியில் சொன்னார். ரத்தத்தில் நோயின் காரணத்தைத் தேடுகிற ரசாயனம் விலை கூடியது. அதனால் வகைகாட்டி முதலில் ஆளைப் பார்க்கும். எடை, வயது, தொழில், வாங்கிய பலசரக்கு, எவ்வளவு நடக்கிறார் என்பது. அதிலேயே பதில் தெளிவாகத் தெரிந்தால் ரசாயனத்தைச் செலவழிக்காது. உங்கள் விஷயத்தில் செலவழிக்கவில்லை.

“அப்போ அன்னிக்கு எடுத்த ரத்தம்?” என்று கேட்டார் வன்னியராஜ்.

“சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் பாத்துச்சு. ஏன் வந்துச்சுன்னு பாக்கல.”

மையத்தின் பின்னறையில் மரபணு படிக்கும் பழைய கருவி ஒன்று உறையிட்டுக் கிடந்தது. சட்டம் வந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது. ஹில்டா அதைத் துடைத்து ஓடவிட்டார். அதற்கு முன்பு குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா கால் வீங்கி, சிறுநீரகம் கெட்டு, ஐம்பதுக்குள் செத்தார் என்றார் வன்னியராஜ்.

“குடிச்சுக் கெட்டார்னு ஊர்ல சொல்லுவாங்க. நான் அவர் குடிச்சுப் பாத்ததில்ல.”

அடுத்த வாரம் முடிவைச் சொல்ல ஹில்டா இருவரையும் கூப்பிட்டார். இது முதல் வகையும் இல்லை, இரண்டாம் வகையும் இல்லை. ஒரே ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறிப் பிறந்திருக்கிறது. கணையத்தில் இன்சுலின் இருக்கிறது. அதை வெளியே விடச் சொல்லுகிற கட்டளைதான் சரியாகப் போவதில்லை. இந்த நோய்க்கு நடையும் அந்த மாத்திரையும் அதிகம் உதவாது. மருத்துவப் புத்தகத்தில் இது எப்போதும் இருந்திருக்கிறது. சட்டத்தில்தான் இல்லை, அங்கே இரண்டே வகைதான்.

வன்னியராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். “இது வந்ததா டாக்டர், வரவழைச்சதா?”

“பிறக்கும்போதே கூட வந்தது.”

அவர் ராஜகனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அவள் வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேல்முறையீடு செய்தால் வகை மாறிவிடும், கண் சிகிச்சையும் உடனே கிடைக்கும் என்று ஹில்டா சொல்லியிருந்தார். ஆனால் அதில் ஒரு விதி இருந்தது. பிறப்பிலேயே வந்த நோய் என்று ஒருவர் முறையிட்டால், உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் மறுபடி வகை பார்க்க வேண்டும். தம்பிக்கும் இதே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றும், அப்படியானால் அவனுக்கு அந்தப் பையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்றும் ஹில்டா சொன்னார். நல்ல சேதி என்று நினைத்துத்தான் வன்னியராஜ் தம்பியிடம் சொன்னார்.

கனகவேல் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தான். முகமூடியைக் கழற்றாமல் வாசலுக்கு அருகிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மதினி கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், குடிக்கவில்லை. வாய்ப்பு அதிகம் என்றால் நிச்சயம் என்று அர்த்தமா என்று கேட்டான். தனக்கு வேறு ஏதாவது என்று வந்தால் என்ன ஆகும்? வகை பறிபோன அன்றே அரசாங்கம் மருந்தை நிறுத்திவிடும். உள்ளே இருக்கிற பை அழுகும். வேலை முதல் வகை ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை. அதுவும் போகும்.

கனகவேல் தம்ளரைக் கீழே வைத்தான்.

“அண்ணே, எல்லாரும் என்னையப் பாவம்னு சொல்லித்தான் இதெல்லாம் குடுத்தாங்க. அந்தப் பாவம் போயிட்டா எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

“ஒன் உடம்புக்கு அது வேண்டாத மருந்தா இருந்தா என்னடா செய்வ?”

“பழகிட்டேன். நீங்க முறையீடு போடாதீங்க அண்ணே.”

வன்னியராஜ் போடவில்லை. முறையீட்டை நோயாளிதான் போட முடியும் என்பதால் ஹில்டாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவர் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அந்த நோய்க்கு ஏற்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். அது பாட்டன் காலத்து மாத்திரை. அரசுப் பட்டியலிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள். மதுரையில் ஒரு மருந்துக் கடையில் சொல்லிவைத்து வாங்க வேண்டியிருந்தது. மிளகு அளவுதான் இருந்தது. அதிலும் பாதியை உடைத்துப் போடச் சொன்னார்.

சில நாட்களில் பட்டை பச்சைக்கு மாறியது. முதலில் ராஜகனிதான் கவனித்தாள். அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து கையைப் பிடித்துப் பார்த்தாள். விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் அவருடைய சட்டையை மோந்து பார்ப்பதில்லை. அதற்குப் பதில் அவர் எதைக் கேட்டாலும் உடனே எழுந்து செய்தாள். அதில் ஒரு பயம் இருந்தது. வன்னியராஜுக்கு அது பழைய சந்தேகத்தைவிடச் சங்கடமாக இருந்தது.

பச்சையை நடைமுகாமும் கவனித்தது. நான்கு வருடம் சிவப்பில் இருந்தவர் ஒரே மாதத்தில் பச்சையானது மாவட்டத்திலேயே முதல் தடவை. பரஞ்சோதி நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஏய்ப்பு என்று பதிவு போட்ட ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொன்னார். முகாமின் ஆண்டு விழாவில் வன்னியராஜ் பேச வேண்டும் என்று மேலிடத்தில் விரும்பினார்கள். எப்படித் தவறினார், எப்படித் திருந்தினார் என்று பேச வேண்டும். பேசினால் கண் சிகிச்சைக்கு வரிசையில் முன்னால் கொண்டுவர முடியும்.

பேசாவிட்டால் என்ன என்று வன்னியராஜ் கேட்டார். ஒன்றுமில்லை என்றார் பரஞ்சோதி. திருந்தாமல் பட்டை பச்சையாக முடியாது. அப்போது எப்படிப் பச்சையானது என்று விசாரிப்பார்கள், அவ்வளவுதான்.

விசாரித்தால் மாத்திரை வெளியே வரும். மாத்திரைக்குப் பின்னால் மரபணு, அதற்குப் பின்னால் தம்பி. வன்னியராஜ் பேசச் சம்மதித்தார்.

விழா நடந்தது முகாம் மைதானத்தில். பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் முதல் வகைக்காரர்களின் பிரதிநிதிகளை உட்கார வைத்திருந்தார்கள். அவர்களில் கனகவேலும் முகமூடியோடு இருந்தான்; துறை கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. அண்ணன் பேசப்போவது அவனுக்குத் தெரியாது. வன்னியராஜ் மேடையேறி, பரஞ்சோதி எழுதிக் கொடுத்ததை நல்ல கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு படித்தார். தான் மிட்டாய்க்காரன் என்றும், நாக்குக்கு அடிமைப்பட்டவன் என்றும், வீட்டுக்கும் அதிகாரிகளுக்கும் தெரியாமல் தினமும் மறைத்துத் தின்றதாகவும், கடைக்குச் சீல் வைத்த பிறகுதான் புத்தி வந்ததாகவும் படித்தார். பிள்ளைமேல் சத்தியம் செய்ததும் பொய்தான் என்ற இடத்தில் மட்டும் சற்று நின்றார். பிறகு அதையும் படித்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். கனகவேலும் தட்டினான். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் அவன் பக்கம் சாய்ந்து, பேசியவர் உங்கள் அண்ணனாமே என்று கேட்டார். ஆமாம் என்றான்.

“பாருங்க தம்பி, ஒரே வயித்துல பிறந்தும் என்ன வித்தியாசம். நீங்க ஒரு தப்பும் செய்யாமக் கஷ்டப்படுறீங்க. அவர் தின்னே அழிச்சிருக்காரு.”

கனகவேல் தலையாட்டினான். கூட்டம் கலைந்த பிறகும் வெகுநேரம் நாற்காலியிலேயே இருந்தான்.

மறுநாள் காலையில் அவன் விருதுநகர் மையத்தில் ஹில்டாவுக்கு எதிரே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டான். எனக்கும் பாத்திருங்க என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. முடிவு வந்தபோது ஹில்டா இருவருடைய மரபணு வரிசைகளையும் ஒரே திரையில் அருகருகே போட்டுக் காட்டினார். அதே மரபணுவில் அதே இடத்தில் அதே எழுத்து. ஒருவர் கனத்தவர், மிட்டாய் விற்றவர். இன்னொருவர் மெலிந்தவர், ஓடியவர். இயந்திரம் பார்த்த வித்தியாசம் அதுதான். நோயில் வித்தியாசம் எதுவும் இல்லை.

“அப்போ அந்த மாத்திரையே எனக்கும் போதுமா?”

“இப்பவும் போதும். ஆரம்பத்துலயும் போதுமாத்தான் இருந்திருக்கும்.”

கனகவேல் தன் கையிலிருந்த மருக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து அவனுடைய சிறுநீரகத்திலும் கொஞ்சம் வேலை பார்த்திருப்பதை ஹில்டா அன்று சொல்லவில்லை. இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார். அவன் கேட்டது வேறு.

“எங்கண்ணன் மேடையில பேசினது எனக்காக. எனக்கு அது தேவையாவே இல்ல, இல்லையா டாக்டர்?”

அவன் அங்கேயே மேல்முறையீட்டைத் தன் பெயரில் பதிவு செய்தான். முதல் வகையில் இருக்கும் ஒருவர் தன் வகையை மாற்றச் சொல்லி முறையிட்டது அதுவே முதல் தடவை. அதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் கணினி பலமுறை திருப்பி அனுப்பியது.

விசாரணைக் குழு அதை ஆற அமரத்தான் எடுத்துக்கொண்டது. அண்ணனும் தம்பியும் சென்னைக்குப் போய் வந்தார்கள். ஹில்டாவும் போனார். வகைகாட்டி தவறு செய்யவில்லை என்று குழு சொன்னது. இரண்டில் எது என்று அதனிடம் கேட்டிருந்தார்கள்; இரண்டில் ஒன்றை அது சொன்னது. இரண்டும் இல்லை என்று சொல்ல அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தாலும் மரபணுவை மறுக்க முடியாது. சகோதரர்கள் இருவரும் தம் தவறு இல்லாமல் நோயாளி ஆனவர்களே என்று குழு ஒப்புக்கொண்டது. கனகவேல் வேலையில் தொடரலாம். பையை எடுத்துவிட்டு மருந்தை நிறுத்திக்கொள்ளலாம். வன்னியராஜுக்குக் கண் சிகிச்சை உடனே கிடைக்கும்.

தீர்ப்பின் கடைசியில் ஒரு பத்தி இருந்தது. நோய் தானாக வந்தது என்பது வேறு. சிகிச்சைக் காலத்தில் மறைத்துத் தின்றது வேறு. இரண்டாவதை வன்னியராஜ் அரசு விழாவில் பலர் முன்னிலையில் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே ஏய்ப்புப் பதிவுகள் செல்லும். பாகு காய்ச்சுவதற்கு விதித்த தடையும் நீடிக்கும். அந்தப் பேச்சு பொய் என்று அவர் சொல்வாரானால், அரசு விழாவில் பொய் சொன்னதற்காகத் தனி நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்.

பரஞ்சோதி யாரும் அழைக்காமலே சென்னைக்கு வந்திருந்தார். அந்தப் பேச்சை எழுதியது நான், அவர் படிக்க மட்டும்தான் செய்தார் என்று குழுவின் முன்னால் எழுந்து சொன்னார். அதைக் குறித்துக்கொண்டார்கள். சில வாரங்களில் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள்.

தீர்ப்பைக் கேட்டு வன்னியராஜ் சிரித்தார். கனகவேலால் சிரிக்க முடியவில்லை. ஊர் திரும்புகிற ரயிலில் அவன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது, மதுரை வந்தால் எழுப்பு என்று சொல்லிவிட்டு அவர் மேல் பலகையில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

கண்ணில் மேற்கொண்டு கசிவு நின்றது. போன பார்வை போனதுதான். பாகுக்குத்தான் தடை, சேவுக்குத் தடையில்லை. அவர் அதே கடையைத் திறந்து காராச்சேவு போட ஆரம்பித்தார். திறப்பு அன்று கனகவேல் முகமூடி இல்லாமல் கூட்டத்துக்கு நடுவில் நின்று பொட்டலம் மடித்துக் கொடுத்தான். பையை எடுத்த இடத்தில் தையல் இன்னும் ஆறவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். வகை போன பிறகு அவனைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லவில்லை. அவனுக்கு அது முதலில் வெறிச்சென்று இருந்ததாகவும், பிறகு பழகிவிட்டதாகவும் ஹில்டாவிடம் ஒரு முறை சொன்னான்.

ராஜகனி மட்டும் எதையும் பேசாமலே இருந்தாள். கடை திறந்து கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம், வன்னியராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டுச் சொன்னாள்.

“நாலு வருஷமும் நீங்க ஒருநாள்கூடத் தின்னதில்ல. நான் ஒருநாள்கூட நம்பினதில்ல.”

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அவள் அழவில்லை. ஆனால் அந்த வார்த்தையைப் பல மாதம் உள்ளே வைத்திருந்தாள் என்பது அவள் குரலில் தெரிந்தது.

“ஒரு நாள் தின்னேன்” என்றார் அவர்.

ராஜகனி நிமிர்ந்து பார்த்தாள்.

“சீல் வைக்க வந்தாங்கல்ல, அன்னிக்கு. சாமானை எடுத்து வைக்க அரைமணி நேரம் குடுத்தாங்க. கடைசி ஈடு மிட்டாய் அப்பத்தான் பாகுல கெடந்துச்சு. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உக்காந்து தின்னேன். வயிறு கொள்ற மட்டும் தின்னேன்.”

“பட்டை?”

“எப்பவும் போலச் செவப்புத்தான். தின்ன நாளும் தின்னாத நாளும் அதுக்கு ஒண்ணாத்தான் இருந்திருக்கு.”

அவள் கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

“நல்லா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

வன்னியராஜ் யோசித்தார்.

“பாகு சரியான பதம்” என்றார்.